மென்பொருளைக் கட்டுவோரும் தொழிலாளரே

தகவல் தொழில்நுட்பம் ஓர் அறிவுத் தொழில். புகைபோக்கியும் சங்கொலியும் கொண்ட ஆலைகளுக்காக எழுதப்பட்ட தொழிலாளர் சட்டங்கள் அதற்குப் பொருந்தா என்பது பெங்களூரின் மென்பொருள் முதலாளிகள் ஓயாது ஓதிவரும் மந்திரம். கர்நாடகத்தில் ஆட்சிக்கு வந்தவர்கள் அனைவரும் அம்மந்திரத்துக்குக் கட்டுப்பட்டே நடந்திருக்கிறார்கள். 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கு 2014இல் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது, 2019இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டது, 2024இல் மீண்டும். முதல் நீட்டிப்பும் கடைசி நீட்டிப்பும் காங்கிரஸ் ஆட்சியில் நடந்தவை. இடையிலானது காங்கிரஸ் – மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணி ஆட்சியில் நடந்தது. 2019 முதல் 2023 வரை ஆண்ட பாஜகவோ அவ்விலக்கின் மேல் கைவைக்கவே இல்லை. கொடிகள் வேறு; வணங்கிய பீடம் ஒன்று.

நிலையாணை என்பது பெரிய புரட்சிச் சட்டம் அன்று. யார் நிரந்தரத் தொழிலாளி, யார் தற்காலிகத் தொழிலாளி; வேலை நேரம் எது, விடுப்பு எவ்வளவு; எது ஒழுங்கீனம், அதனை எவ்வாறு விசாரிக்க வேண்டும்; எந்த முறையில் பணிநீக்கம் செய்யலாம் ஆகியவற்றை எழுத்தில் வைத்து, அரசிடம் சான்று பெற வேண்டும் என்பதே அதன் சாரம். வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளிலேயே ஆலைத் தொழிலாளி பெற்றுவிட்ட இந்த எளிய காப்பு, எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் பணியாற்றும் இலட்சக்கணக்கானோருக்கு இல்லை. விலக்குடன் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைகளைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன போன்றவை. அந்நிபந்தனைகள் காகிதத்தைவிட்டு இறங்கவில்லை என்று, கிட்டு எனப்படும் கர்நாடக மாநிலத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது.

இந்த ‘அறிவுத் தொழில்’ வாதத்தைப் பொதுப்படையாக மறுப்பதில் பயனில்லை. அத்தொழிலுக்குள் இருப்போரே அதிகம் கவனிக்காத ஒரு மூலையில் நின்று அதனைச் சோதிப்பதே தகும். அம்மூலைக்கு அவர்கள் வழக்கில் ‘பில்ட்’ என்று பெயர்.

அச்சகத்தை நினைவிற்கொள்வோம்

பெங்களூரில் ஊழியர் கூட்டம் ஒன்றுக்கான துண்டறிக்கையைத் தமிழாக்கும்போது இச்சொல் என்னைத் தடுத்தது. கட்டுமானமா, கட்டமைப்பா, உருவாக்கமா? அகராதி கைகொடுக்காததால், அவ்வேலையைச் செய்யும் இளந்தோழர் ஒருவரையே கேட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்து பெங்களூரில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுபவர். “தோழர், நீங்கள் கையால் எழுதிக் கொடுக்கும் கட்டுரை வாசகர் கைக்கு எப்படிப் போகிறது? நடுவில் இருப்பதெல்லாம் நாங்கள்தான்” என்றார்.

அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. கட்டுரையாசிரியர் எழுதித் தந்த கையெழுத்துப் படி இதழ் ஆகாது. அதனை அச்சுக் கோக்க வேண்டும், மெய்ப்புத் திருத்த வேண்டும், பக்கம் கட்ட வேண்டும், அச்சேற்ற வேண்டும், மடித்து முகவரி ஒட்டி அஞ்சலில் சேர்க்க வேண்டும். அவ்வாறே நிரலாளர் எழுதும் மூலநிரலும் தானாக மென்பொருள் ஆகிவிடாது. பெரிய மென்பொருள் ஒன்றின் மூலநிரல் பல்லாயிரம் கோப்புகளில் சிதறிக் கிடக்கும். பல நாடுகளில் இருக்கும் நூற்றுக்கணக்கானோர் அதில் நாள்தோறும் கைவைப்பர். பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான நிரல்தொகுப்புகளை அது நம்பியிருக்கும். இவற்றையெல்லாம் உரிய வரிசையில் திரட்டி, கணினி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றி, சோதித்து, ஒன்றாகப் பிணைப்பதே பில்ட். அதனைப் பயனரின் கணினியில் கொண்டுபோய் வைக்கும் பொறியே நிறுவி, அதாவது இன்ஸ்டாலர்.

இவ்வேலைக்கென ‘மேக்’ என்னும் கருவி 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. சரியாக எழுதப்பட்டிருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு நிரலாளர் ஒரு காலைப் பொழுதை வீணடித்தார்; திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமல் பழைய வடிவமே ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அவருடைய எரிச்சலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அக்கருவியை எழுதினார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, கருவிகள் பெருகிவிட்டன. பில்ட் முறிவது மட்டும் நிற்கவில்லை. நிரல்தொகுப்பு ஒன்றின் பதிப்பு மாறும், விண்டோஸ் புதுப்பிக்கப்படும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகும். முந்தைய நாள் கட்டுப்பட்டது இன்று கட்டுப்படாது. கலிபோர்னியாவின் நண்பகலில் பில்ட் முறிந்தால் பெங்களூரின் நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும்.

நிறுவியின் பாடு இன்னும் கடினம். அது தான் முன்பின் கண்டிராத கணினியில் ஓட வேண்டும். பழைய பதிப்பை அகற்ற வேண்டும்; ஆனால் பயனரின் கோப்புகளைத் தொடக்கூடாது. பாதியில் மின்சாரம் நின்றால் வந்த வழியே திரும்பத் தெரிய வேண்டும். பயனர் தம் பெயரைத் தமிழில் இட்டு வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்தால், அப்பெயர் கொண்ட கோப்புறையைப் படிக்கத் தெரியாமல் முடங்கிப்போகும் நிறுவிகள் உண்டு. ஆங்கிலம் மட்டுமே உலகம் என்று எண்ணி எழுதப்பட்டவை அவை. அதனைக் கண்டுபிடித்துச் சரிசெய்பவரும் இம்மூலையில் இருக்கும் தொழிலாளிதான்.

பணிப் பிரிவினை, முறைவைத்த இரவுப் பணி, நிற்காமல் ஓடும் இயந்திர வரிசை, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் மனித உடல்: இதில் ஆலைக்கு இல்லாத எது இருக்கிறது? ஆலையில் இருக்கும் எது இங்கு இல்லை? சங்கொலி ஒன்றுதான் இல்லை. அது இல்லாததால் வேலை எப்போது முடிகிறது என்பதும் தெரிவதில்லை.

துடைப்பவனுக்குக் கூலி இல்லை

மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில், இயந்திரங்களின் பராமரிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில், மார்க்ஸ் ஒரு சிறிய செய்தியைக் குறித்துச் செல்கிறார். இயந்திரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் உழைப்பை முதலாளி தொழிலாளியின் ஓய்வு நேரத்திலிருந்து, கூலி இல்லாமல் பெற்றுக்கொள்கிறான். அக்காரணத்தாலேயே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவ்வேலை செய்யப்படுகிறது. விபத்துகளுக்கு அது ஒரு முக்கியக் காரணமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்சாலையைப் பார்த்து எழுதப்பட்ட இச்செய்தி, இருபத்தோராம் நூற்றாண்டின் மென்பொருள் தொழிலுக்கு வரிக்கு வரி பொருந்துகிறது.

2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோதுதான், உலகின் இணைய வணிகத்தில் பெரும்பங்கைக் காத்துநின்ற ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலரே நன்கொடையாக வந்தது என்னும் உண்மை வெளியே தெரிந்தது. அதன்மேல் கோடிகோடியாக இலாபம் குவித்த நிறுவனங்கள் அதனைத் துடைப்பவனுக்குக் கூலி கொடுக்கவில்லை.

பத்தாண்டு கழித்து, 2024 மார்ச் 29 அன்று, இதைவிட அச்சமூட்டும் செய்தி வந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறிய மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருப்பது. அதனைப் பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் ஊதியமின்றிப் பல்லாண்டுகளாகப் பராமரித்து வந்தார். தாம் களைத்திருப்பதையும், இது ஊதியமில்லாப் பணி என்பதையும் 2022இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று முகமறியாத சிலர் அவரை நெருக்கினர். உதவ வந்தவர்போல் நடித்து இரண்டாண்டுக்கு மேலாக நம்பிக்கையைத் தேடிக்கொண்ட ஒருவர், இறுதியில் அம்மென்பொருளுக்குள் திருட்டுக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அதனை எங்கே வைத்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நஞ்சின் உடல், சோதனைக் கோப்புகள் என்னும் பெயரில் மறைந்திருந்தது. அதனை எழுப்பிவிடும் வரிகள், எல்லோரும் பார்க்கும் மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்கென ஆயத்தம் செய்யப்பட்ட பொதியின் பில்ட் கோப்பில் மட்டுமே இருந்தன.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: இடைச்செருகல். மூலத்தில் இல்லாதது படியில் வந்து சேர்வது. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியன் இல்லாவிடில், இடைச்செருகலே மூலம் ஆகிவிடும். மென்பொருளிலும் அத்தகைய பணி உண்டு. ஒரே மூலநிரலை வெவ்வேறு இடங்களில் கட்டி, விளைவுகள் ஓர் எண்ணும் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதை டெபியன் திட்டத்தினர் 2013 முதல் ஓர் இயக்கமாகவே நடத்தி வருகின்றனர். பொறுமையும் ஆளும் நேரமும் கேட்கும் வேலை அது. எக்ஸ்இசட் சதியைக் கண்டுபிடித்தது எந்தப் பெருநிறுவனத்தின் காவல் ஏற்பாடும் அன்று. தொலைக்கணினியில் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்ற ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளரின் விழிப்பு அது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றுபவர்தான், ஆயினும் அதனைத் தேடும்படி யாரும் அவரைப் பணிக்கவில்லை. உலகின் கணினிகள் ஒரு தொழிலாளியின் மனச்சான்றால் பிழைத்தன.

தனியுடைமை மென்பொருளாயின் இத்தகைய ஆபத்து இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், அந்நிறுவனத்தின் பில்ட் கணினிக்குள்ளேயே நஞ்சு கலக்கப்பட்டது. நிறுவனத்தின் கையொப்பத்துடனேயே ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது சென்றது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று. பெங்களூர் விமான நிலையத்தின் முதல் முனையம் தடுமாறியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். நொடியில் பரவிய அப்பிழையை நொடியில் திரும்பப் பெற இயலவில்லை. முடங்கிய கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பிழைக் கோப்பை மனிதக் கைகள்தாம் அழிக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் உலகெங்கும் உறக்கமின்றி அவ்வேலையைச் செய்தவர்களை எந்த முதலாளியும் ‘அறிவுத் தொழிலின் முகம்’ என்று மேடையேற்றவில்லை.

தடயம் விடாத உழைப்பு

மேலே சொன்ன இளந்தோழரின் கதை இங்குதான் வருகிறது. அவர் ஒரு நிறுவனத்துக்காக, வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தப் பட்டியலில் இருந்துகொண்டு, ஆறு ஆண்டுகள் ஒரே மென்பொருளின் பில்டையும் நிறுவியையும் பராமரித்தார். மருத்துவமனைகள் பயன்படுத்தும் மென்பொருள். அவ்வாறு ஆண்டுகளில் அதன் வெளியீடு ஒருமுறைகூடத் தவறவில்லை. பொங்கல் முதல்நாள் இரவு வெளியீடு என்றால், பொங்கல் அன்று காலை அவருக்கு உறக்கம். ஆண்டு மதிப்பீட்டில் அவரைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: புதிதாக என்ன செய்தாய்?

அவரிடம் விடை இல்லை. அவருடைய வேலையின் வெற்றியே எதுவும் நிகழாமல் இருப்பதில்தான் இருந்தது. கசியாத அணையைப் பார்த்துக் காவலாளி என்ன செய்தான் என்று கேட்பதைப் போன்றது அக்கேள்வி. மூன்றாவது ஆண்டாகக் கடைநிலை மதிப்பெண் பெற்றபின், ஒரு பிற்பகலில் அவரை அறைக்கு அழைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ராஜினாமா எழுதித்தரச் சொன்னார்கள். எழுதாவிட்டால் அனுபவச் சான்று கிடைக்காது என்றார்கள். விசாரணை இல்லை, எழுத்தில் காரணம் இல்லை, அறிவிப்புக் காலமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு அதே மேலாளரிடமிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. நிறுவி பாதியில் நிற்கிறது, என்ன செய்வது என்று. அவர் விடியும்வரை வழிசொன்னார். ஏன் சொன்னீர்கள் என்று நான் சற்றுக் கோபத்துடனேயே கேட்டேன். “அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை இருக்கிறதே தோழர்” என்றார்.

முதலாளித்துவம் எதன்மேல் நிற்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. தொழிலாளியின் பொறுப்புணர்வை அது கூலியின்றி எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதை ஏட்டில் எழுதுவதில்லை. எழுதப்படாததால் அவன் உழைக்கவே இல்லை என்கிறது. நிலையாணை இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேர ராஜினாமா நாடகம் அத்தனை எளிதாக நடந்திருக்குமா? குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டியிருந்திருக்கும். விசாரணை நடத்த வேண்டியிருந்திருக்கும். விலக்கு என்னும் சொல் கோப்பில் பார்ப்பதற்குச் சிறியது; அறைக்குள் அழைக்கப்பட்டவருக்கு அதன் எடை தெரியும்.

சில மறுப்புகள்

இவர்கள் தொழிலாளரே அல்லர், வல்லுநர்கள் என்பது முதல் மறுப்பு. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டமே தொழிலாளிக்கு இலக்கணம் வகுக்கையில் தொழில்நுட்பப் பணியையும் இயக்கப் பணியையும் எழுத்தர் பணியையும் உடலுழைப்புக்கு இணையாக வைத்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்க்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டென்று 2016இல் தமிழ்நாடு அரசும் தெளிவுபடுத்தியது. சட்டத்துக்குத் தெரிந்தது முதலாளிகளுக்குத் தெரியாதா என்ன?

இவர்களுக்கு ஊதியம் அதிகம் என்பது இரண்டாவது மறுப்பு. வருந்தத்தக்க வகையில் இதனை நம் தோழர்கள் சிலரும் சொல்கிறார்கள். சுரண்டலை அளப்பது ஊதியத்தின் உயரத்தைக் கொண்டு அன்று; உழைத்த நேரத்தில் எவ்வளவு பிறர் பைக்குப் போகிறது என்பதைக் கொண்டே. அந்த நேரத்தைத்தான் அவர்கள் இன்னும் நீட்டப் பார்க்கிறார்கள். நாராயண மூர்த்தி 2023இல் வாரம் 70 மணி நேரம் கேட்டார். எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 2025இல் 90 மணி நேரத்துக்கு ஏற்றினார். இடையில், 2024 ஜூலையில், தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒரு நாளின் வேலையை 14 மணி நேரம்வரை நீட்ட வழிசெய்யும் திருத்தம் கர்நாடக அரசின் பரிசீலனைக்கு வந்தது. கிட்டு அதனை எதிர்த்து வீதிக்கு வந்தது. பெங்களூரின் சுதந்திரப் பூங்காவில், கழுத்தில் அடையாள அட்டையுடன் நின்று முழக்கமிட்ட அந்த இளைஞர்களை நடுத்தர வர்க்கம் என்று ஒதுக்குவோமாயின், பிழை அவர்களுடையது அன்று, நம்முடையது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி இவ்வேலைக்கு ஆளே வேண்டாம் என்பது மூன்றாவது. டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூலையில் 12,000 பேருக்கு மேல் வெளியேற்றப்போவதாக அறிவித்ததிலிருந்து இப்பேச்சு வலுத்திருக்கிறது. பொறி நிரலை விரைவாக எழுதித் தரலாம். எழுதப்படும் நிரல் பெருகினால் கட்ட வேண்டியதும் சோதிக்க வேண்டியதும் இடைச்செருகல் தேட வேண்டியதும் பெருகும். ஆளைக் குறைத்துவிட்டு இவற்றைப் பெருக்குவது, எஞ்சியிருப்பவரின் இரவைத் திருடுவதற்கான மறுபெயர். 1980களில் வங்கியிலும் காப்பீட்டிலும் கணினியை எதிர்த்தோம் என்று இன்றும் நம்மை எள்ளுகிறார்கள். இயந்திரத்தை எவர் நலனுக்காகக் கொண்டுவருகிறீர்கள் என்பதே அன்று நாம் எழுப்பிய வினா. அது இன்னும் விடையின்றியே நிற்கிறது.

மாற்று உண்டு

மென்பொருளைப் பொதுச் சொத்தாகக் கருதி, அதன் பராமரிப்பைப் பொதுப் பொறுப்பாக ஏற்பது கனவு அன்று. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் இரண்டு பத்தாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. கைட் என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளின் தேவைக்கேற்ப இயங்குதளத்தைத் தானே தொகுத்து, நிறுவியோடு வழங்குகிறது. 2019இல் வந்த பதிப்பு 2 இலட்சம் கணினிகளுக்கானது. அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. பணத்தைவிடப் பெரிது, ஆசிரியரும் மாணவரும் அதனை நிறுவவும் பழுது நீக்கவும் கற்றுக்கொண்டது. முதலாளித்துவ ஜெர்மனியே 2022 முதல் இத்தகைய அடிப்படை மென்பொருள்களின் பராமரிப்புக்கு அரசு நிதி ஒதுக்கி வருகிறது. இந்திய ஒன்றிய அரசும் 2015இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. ஆனால் கொள்கை பில்டைக் கட்டாது. நிரந்தரப் பணியிடம் பெற்ற தொழிலாளிதான் கட்டுவார்.

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 300 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இனி நிலையாணையே தேவையில்லை. விலக்களிக்கும் அதிகாரமும் அரசுகளின் கையிலேயே விடப்பட்டுள்ளது. பெங்களூரில் ஒரு துறைக்குச் செய்து பார்த்ததை இப்போது நாடு முழுவதற்கும் விரிக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேலாகத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் பட்ட பாடு ஓர் ஒத்திகை என்பதை ஆலைத் தொழிலாளியும் இனி உணர்வார்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறைக்கு எந்த விலக்கும் கூடாது. தொலைபேசிக்காகக் காத்திருக்கும் இரவும் வேலை நேரமே. அதற்கு இரட்டிப்பு ஊதியம் வேண்டும். கட்டாய ராஜினாமாவைச் சட்டவிரோதப் பணிநீக்கமாகக் கருத வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே சங்கம் வேண்டும். அரசுகள் தாம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளின் பராமரிப்புக்கு நிதியும் பணியிடமும் ஒதுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்கும் முன் நம் வீட்டையும் நாம் பார்க்க வேண்டும். நம் அலுவலகக் கணினிகளில் ஓடும் மென்பொருள் யாருடையது, அதனை நிறுவித் தந்த இளந்தோழரை அடுத்த முறை கணினி நின்றபோது மட்டும்தானா அழைத்தோம் என்று ஒவ்வொரு கிளையும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். அவரைக் கிளைக் கூட்டத்துக்கும் அழைப்போம். அவர் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். அதே வேலை, அதே இரவு. சங்கத்தில் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டார். துண்டறிக்கையில் நான் தயங்கிய அச்சொல்லுக்கு அவரே தமிழ் தந்தார்: கட்டுமானம் என்றே எழுதுங்கள், தோழர், கொத்தனாருக்குச் சங்கம் உண்டு, எங்களுக்கும் இருக்கட்டும் என்றார். அப்படியே எழுதினேன்.